நிரலும் மறுப்பும்

தமிழில் ஆய்வுக் கட்டுரை என்ற பெயரில் வெளிவருபவற்றில் விஷயம் இல்லை என்று நம்மிடையே அடிக்கடி சொல்லப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விஷயம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒரு நாவலாசிரியரைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஏடு ஒன்றைப் பிரித்தால் அவர் பிறந்த ஊர், எழுதிய நூல்கள், பாத்திரங்களின் பெயர்கள், கையாண்ட பழமொழிகள் எல்லாம் எண்ணிக்கையோடு கிடைக்கின்றன. இதை இவர் யாரிடம் சொல்கிறார், இதற்கு மாறாக யார் என்ன நினைத்திருந்தார்கள் என்பது மட்டும் கிடைக்காது. எதிராளி இல்லாத எழுத்து அது. எதிராளி இல்லாத இடத்தில் வரிசை என்பது அடுக்கி வைத்தல்தான். ஒரு கருத்திலிருந்து அடுத்த கருத்து பிறந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் அங்கே இல்லை.

உரைநடை நமக்கு ஆங்கிலத்தோடு வந்தது, ஆகவே தர்க்கரீதியாகக் கட்டுரையை அமைக்கும் பழக்கம் இன்னும் ரத்தத்தில் ஊறவில்லை என்பது இதற்குத் தரப்படும் சமாதானம். இதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியைப் பார்க்க நன்னூல் பாயிரத்தைத் திறக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாக வந்து நம்மைத் துன்புறுத்திய பாயிரம்தான்; இருந்தாலும் மனப்பாடத்தை மறந்துவிட்டு ஒரு முறை அதைப் படித்துப் பார்க்கலாம்.

பவணந்தி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசனின் ஆதரவில், எழுத்தும் சொல்லும் பற்றி ஓர் இலக்கணம் செய்ய உட்கார்ந்தவர். எழுத்தைத் தொடுவதற்கு முன் நூல் என்பதை எப்படி அமைப்பது என்று தனியாக ஒரு பகுதி எழுதுகிறார். நூலுக்கு நேரக்கூடிய குற்றங்கள் 10, அழகுகள் 10, உத்திகள் 32. இந்த 32 அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. தொல்காப்பிய மரபியலில் 32 உத்திகள் உண்டு. அர்த்தசாஸ்திரத்தின் கடைசிப் பகுதியில் தந்திரயுக்தி என்ற பெயரில் 32 உண்டு. சுசுருதரின் மருத்துவ நூலிலும் 32 உண்டு, சரகத்தில் 36. அரசியலும் வைத்தியமும் இலக்கணமும் எழுதியவர்கள் ஒரே வகையான திட்டத்தைக் கையில் வைத்திருந்தார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சை ஒழுங்கு செய்வது தனி வித்தை என்ற பிரக்ஞை இந்த நாட்டில் பழமையானது.

உத்திகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். எடுத்துக்கொண்ட பொருளை முதலிலேயே சுட்டிவிட்டுப் புகுவது. தொகுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு வகுத்துக் காட்டுவது. பின்னால் சொல்லப் போவதை இது பின்னால் வரும் என்றும், முன்னால் சொன்னதை முன்பே சொல்லியாயிற்று என்றும் குறிப்பது. காரணம் காட்டி முடிப்பது. சில இடங்களில் சொல்லாமல் விட்டு வாசகனையே உணர வைப்பது. சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று நிற்கும் நிலைக்கு நான்கு உவமைகள்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்ச்சல், பருந்தின் வீழ்ச்சி. தொடர்ந்து ஓடலாம், சிங்கத்தைப் போல் முன்னும் பின்னும் பார்க்கலாம், இடையில் ஒன்றை விட்டுத் தாவலாம், வேண்டியதைக் கவ்விக்கொண்டு உடனே மேலே போய்விடலாம். ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்குப் போகும் வழிகளை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. குற்றங்களில் இரண்டு நம் காலத்துக்கென்றே பெயரிடப்பட்டவை போல இருக்கின்றன: எடுத்த பொருளை விட்டு மற்றொன்று விரித்தல், சொல்லிக்கொண்டே போய்த் தேய்ந்து இறுதல்.

ஆனால் பாயிரத்தில் என்னை நிறுத்திய இடம் உத்தி அல்ல. நூலாசிரியன் மேற்கொள்ளக்கூடிய மதங்கள், அதாவது கொள்கை நிலைகள், ஏழு என்று ஒரு சூத்திரம் எண்ணுகிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல் ஒன்று, மறுத்தல் ஒன்று, பிறர் கருத்தை ஏற்பது போல் எடுத்துக்கொண்டு பிறகு களைதல் ஒன்று, இருவர் மாறுபட்டு நிற்கும் இடத்தில் ஒரு பக்கம் துணிதல் ஒன்று, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல் ஒன்று. இவற்றோடு தானே ஒன்றைச் சொல்லி நிலைநாட்டுவதும், பிறர் மதத்தோடு சேராமல் தன் மதத்தில் நிற்பதும். ஏழில் ஐந்து நேராகவே பிறரைப் பற்றியவை. ஏழாவதும் பிறர் இருந்தால்தான் அர்த்தப்படும். ஒருவன் நூல் எழுதப் புகுந்தால் அவனுக்கு முன் ஏற்கெனவே ஒரு சபை உட்கார்ந்திருக்கிறது என்பது பவணந்தியின் எடுகோள். திட்டம் என்பது அந்தச் சபையின் முன் தன் இடத்தை அமைத்துக்கொள்வது.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் நமக்கு விவாத உரைநடை முன்பே வரவில்லை? உரைகள் இருந்தனவே என்று வாசகர் சொல்லலாம். இருந்தன. களவியல் உரையிலிருந்தே கேள்வியும் பதிலுமாகப் பொருள் நகர்கிறது. சேனாவரையர் இளம்பூரணரின் கருத்தை எடுத்து நிறுத்தி, அது ஏன் பொருந்தாது என்று காட்டும் இடங்களில் உள்ள கறார்த்தன்மை இன்று எந்தத் தமிழ்த் துறைக் கருத்தரங்கிலும் கேட்கக் கிடைப்பதில்லை. உரைக்கு இருக்க வேண்டிய உறுப்புகள் 14 என்று எண்ணும்போது வினாவையும் விடையையும் தனித்தனி உறுப்பாகவே நன்னூல் எண்ணுகிறது. ஆனால் உரையாசிரியருக்கு ஒரு சுதந்திரம் இல்லை: வரிசை அவருடையது அல்ல, மூலநூலுடையது. சூத்திரம் எந்த வரிசையில் நிற்கிறதோ அந்த வரிசையில்தான் அவர் சண்டை போட முடியும். நூலாசிரியருக்கோ திட்டம் கையில் இருந்தது. சூத்திரத்தின் இறுக்கத்துக்குள் விவாதிக்க இடம் இல்லை. நூலில் விவாதமற்ற திட்டம், உரையில் திட்டமற்ற விவாதம். இரண்டும் ஒரே ஆளின் கையில் ஒரே உரைநடையில் சேரவில்லை என்பதுதான் நம் உரைநடையின் பழைய குறை என்று எனக்குப் படுகிறது. உரைநடையே இல்லை என்பது அல்ல.

சேர்ந்துவிடக் கூடிய இடத்துக்கு மிக அருகில் வந்தவர் 1785இல் இறந்த சிவஞான முனிவர். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதல் சூத்திரத்துக்கும் மட்டும் அவர் ஒரு விருத்தி எழுதினார். எடுத்துக்கொண்ட மூலம் இவ்வளவு சிறிதாகும்போது உரை கிட்டத்தட்டத் தனிக் கட்டுரையாகிவிடுகிறது; வரிசையை அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அவருடைய இன்னொரு விவாத நூலான இலக்கண விளக்கச் சூறாவளி, வைத்தியநாத தேசிகரின் நூலை அதன் வரிசையிலேயே தொடர்ந்து போய் மறுப்பது. எதிராளி கிடைத்தார், திட்டம் எதிராளியினுடையதாகவே இருந்துவிட்டது.

அச்சு வந்தபின் யாழ்ப்பாணத்தில் இரண்டும் சேர்ந்தன. ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1851இல் நன்னூல் விருத்தியுரையை அச்சிட்டவர். பாயிரமும் பைபிளும் இப்படி ஒரே மூளைக்குள் வந்து சேர்ந்ததன் விளைவு 1854இல் வந்த சைவதூஷண பரிகாரம். சைவத்தின் மீது மிஷனரிகள் சுமத்திய குற்றச்சாட்டுகளைத் தலைப்புத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, அதே வகையான ஆசாரங்கள் விவிலியத்திலும் இருப்பதைக் காட்டி மறுக்கும் நூல். அவருடைய சமயத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. வரிசை ஆசிரியருடையது, எதிராளி நிஜமானவர், சான்று எதிராளியின் புத்தகத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. இந்த மூன்றும் தமிழ் உரைநடையில் ஒன்றாகக் கூடியது கவனிக்கத் தக்கது. ஆனால் 1869இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்து, அதைச் சுற்றி இரு தரப்பிலும் கண்டனப் பிரசுரங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்தபோது, மறுப்பு என்பது கருத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது. கண்டனம் என்ற சொல்லுக்கே இன்று வசை என்ற அர்த்தம் ஏறியிருக்கிறது. மரியாதைப்பட்டவர்கள் மறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ள இது ஒரு காரணமாயிற்று.

ஒதுங்குவதற்கு வசதியான இடத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவதற்கு அந்த நூற்றாண்டில் சட்டம் வகுத்தவர்களில் முக்கியமானவர் அபர்டீன் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின். அவருடைய கட்டுரைப் பயிற்சி நூல் 1866இல் வந்தது. பத்தியின் தொடக்க வாக்கியம் பத்தியின் பொருளைத் தெரிவிக்க வேண்டும், ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதோடு தொடர்பு காட்ட வேண்டும் என்பவை போன்ற விதிகள். பவணந்தி கேட்டால் ஆட்சேபித்திருக்க மாட்டார். ஆனால் காலனியின் பரீட்சை ஹாலில் இந்த விதிகள் எதிராளியை இழந்தன. பரீட்சைத் தாளைத் திருத்துபவர் எதிராளி அல்ல, மார்க்குப் போடுபவர். அவரை மறுக்க முடியாது, திருப்தி செய்யத்தான் முடியும்.

இது தமிழ் வகுப்புக்கு வந்தபோது இன்னொரு படி இறங்கியது. நாம் எல்லோரும் எழுதிய பொதுக்கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். குறிப்புச் சட்டகம் என்று ஒரு கட்டம். முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரையுள்ள உட்தலைப்புகள் பல சமயம் வினாத்தாளிலேயே அச்சாகியிருக்கும். அதாவது யோசிப்பதற்கு முன்பே வரிசை வந்துவிடுகிறது. மாணவன் செய்ய வேண்டியது கட்டங்களை நிரப்புவது. இப்படிப் பதினைந்து வயதில் கட்டங்களை நிரப்பியவன் முப்பது வயதில் முனைவர் பட்ட ஏட்டையும் அப்படித்தான் நிரப்புகிறான்: ஆசிரியர் வாழ்வும் படைப்பும், சமுதாயப் பார்வை, பாத்திரப் படைப்பு, மொழிநடையும் உத்திகளும், முடிவுரை. உத்தி என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் எழுதுகிறவன் தன் நூலை அமைக்கும் வழிக்குப் பெயராக இருந்தது, இப்போது எழுதப்படுகிறவனிடம் தேடி எண்ண வேண்டிய சாமானாகி நான்காம் இயலுக்குத் தலைப்பாக இருக்கிறது. தனக்கு உத்தி வேண்டும் என்று ஆய்வாளருக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு விலக்கானவர்கள் உண்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளையே முதல் விலக்கு. 1881இல் வீரசோழியத்தைப் பதிப்பித்தபோது அதன் பதிப்புரையில் தமிழ் இலக்கிய வரலாற்றை அபோத காலம் தொடங்கி ஆதீன காலம் வரை எட்டாகப் பகுத்தார். இன்று அந்தப் பகுப்பை யாரும் ஏற்பதில்லை. ஆனால் அது யாரும் கொடுத்த சட்டகம் அல்ல. தானே நாட்டித் தானே நிறுத்தியது. பிழையான திட்டத்திலும் ஒரு பயன் உண்டு: அது மறுக்க இடம் தருகிறது. வாழ்வும் படைப்பும் என்ற தலைப்பை யார், எப்படி மறுப்பது?

1885இல் அவர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்று வெளியிட்டார். கடைசி நான்கு இயல்களின் உரை நச்சினார்க்கினியருடையது அல்ல, பேராசிரியருடையது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழில் ரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். இன்று நாம் அந்த உரையைப் பேராசிரியர் பெயரோடுதான் படிக்கிறோம். தமிழ் ஆராய்ச்சியில் ஒரு கட்டுரை செய்யக்கூடிய காரியம் இது: அதற்கு முன் எல்லோரும் நம்பியது அதற்குப் பின் நம்ப முடியாததாகிவிடுகிறது. அந்த நான்கு இயல்களில் ஒன்றுதான் 32 உத்திகளையும் சொல்லும் மரபியல். நூலை எப்படி அமைப்பது என்பதற்குத் தமிழில் உள்ள உரை யாருடையது என்பதே ஒரு மறுப்பினால்தான் நமக்குத் தெரிய வந்தது.

வையாபுரிப் பிள்ளை இந்த வழியில் வந்தவர். வக்கீலாக இருந்தவர், 1926இலிருந்து தமிழ் லெக்சிகனின் ஆசிரியர். சான்றை எந்த வரிசையில் வைத்தால் எதிர்க் கட்சிக்காரர் எழுந்திருக்க முடியாது என்ற கோர்ட்டுப் பழக்கம் அவருடைய கட்டுரைகளில் தெரிகிறது. தொல்காப்பியத்தையும் குறளையும் சிலப்பதிகாரத்தையும் அவர் பிற்காலத்துக்குத் தள்ளினார். அவர் முடிவுகளை ஏற்காமலிருக்க நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் அவருக்குக் கிடைத்ததில் மறுப்பைவிட வசைதான் அதிகம். சொல்லாட்சியையும் மேற்கோளையும் வைத்து ஒருவர் ஒரு காலத்தைக் கணித்தால், அந்தச் சொல்லாட்சியை எடுத்துக்கொண்டு பேச வேண்டும். தமிழ்த் துரோகி என்று சொல்வது ஏழு மதங்களில் எதிலும் சேராது.

இங்கே பெரம்பூருக்கு வர வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை இங்கே இருப்பதால் மட்டும் அல்ல. 1918 ஏப்ரல் 27இல் இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள். முன்னால் நின்றவர்களில் வாடியா ஆங்கிலத்தில் பேசுகிறவர், திரு.வி.க. அப்போது தேசபக்தன் ஆசிரியர். திரு.வி.க.வின் குரு நா. கதிரைவேற் பிள்ளை, நாவலரின் கட்சியில் நின்று அருட்பாச் சண்டையில் இறங்கியவர். ஆக யாழ்ப்பாணத்துக் கண்டன உரைநடையின் வாரிசு பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர் முன் வந்து நிற்கிறார். எதிராளி மாறிவிட்டார், இப்போது எதிராளி ஆலை முதலாளி. மதிய உணவுக்குப் போதிய நேரம் வேண்டும் என்ற கோரிக்கையை, கேட்கிறவனுக்கும் புரிய வேண்டும், மறுக்கிறவனுக்கும் வாயடைக்க வேண்டும். திரு.வி.க.வின் குறுகிய வாக்கியம், கேள்வி கேட்டு அவரே பதில் சொல்லும் முறை இவற்றுக்கெல்லாம் இந்தக் காதுகளும் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவருடைய பிற்கால நூல்களில் எதிராளி மெல்ல மெல்ல மறைந்துபோகிறார். எல்லாம் சமரசமாகிவிடுகிறது, கேள்வி இருக்கிறது, கேட்கிறவன் இல்லை. அவருக்குப் பின் வந்த மேடைத் தமிழ் அந்தக் கேள்வியை அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொண்டது. மேடையில் எதிராளியைப் பெயர் சொல்லி ஏசலாம், அவன் வாதத்தை முழுதாகச் சொல்லிக் காட்ட நேரமில்லை; கூட்டம் கலைந்துவிடும். கல்லூரிக் கட்டுரை இந்த மேடையிலிருந்து ஓசையை எடுத்துக்கொண்டது, பரீட்சையிலிருந்து சட்டகத்தை எடுத்துக்கொண்டது.

மறுப்பும் நிரலும் சேர்ந்த எழுத்து தமிழில் இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால், எனக்கு உடனே ஞாபகம் வருவது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. கவுண்டரில் எனக்கு வந்த ஒரு மனு. ஆலை ஒன்றில் வேலை பார்த்து இறந்துபோன ஒருவரின் மனைவி எழுதியது. பாஸ்புத்தகத்தில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயர். ஓர் எழுத்து வித்தியாசம். அந்த அம்மாள் கோடு போட்ட தாளில் முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்து, இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும் என்று எங்கள் பக்கத்தின் வாதத்தை அவரே எழுதினார். அதற்கு மூன்று சான்றுகள். எளிதாக மறுக்கக்கூடியது முதலிலும், மறுக்கவே முடியாதது கடைசியிலும். இதுவும் போதாது என்றால் வேறு என்ன கொண்டுவர வேண்டும் என்ற கேள்வியோடு முடிந்தது. பொருளைச் சுட்டிப் புகுதல், பிறர் கொள்கையைக் கூறல், காரணத்தால் முடித்தல். அவர் நன்னூல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவருக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அந்த ஆள் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணம் வராது. வரிசையை அந்தத் தேவை தீர்மானித்தது.

இதனால் நன்னூலுக்குத் திரும்பிப் போகலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 32 உத்திகளையும் அட்டவணை போட்டு ஆய்வு முறையியல் பாடத்தில் வைத்தால் அது இன்னொரு குறிப்புச் சட்டகமாகிவிடும். மறு வருஷமே நோட்ஸ் வந்துவிடும். பட்டியலுக்கு முன்னால் வருவது சபை. சபை இருக்கிறது என்று எழுதுகிறவன் நம்ப வேண்டும்.

இந்தச் சின்ன வட்டத்தில் இருக்கும் நாமும் நம்மைப் பார்த்துக்கொள்வது நல்லது. 1959இலிருந்து 1970 வரை வந்த எழுத்து பத்திரிகையில் செல்லப்பா அலசல் விமர்சனம் என்று வரிவரியாகப் பிரித்துக் காட்ட முயன்றார். க.நா.சு.வுக்கு அதில் நம்பிக்கை இல்லை. தேர்ந்த ரசனையின் தீர்ப்பே போதும் என்ற பக்கம் அவர் நின்றார், பட்டியல்கள் தந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் எதிராளியாக இருந்தவரை இரண்டு முறைகளுமே கூர்மையாக இருந்தன. நமக்கு மிஞ்சியிருப்பது செல்லப்பாவின் பொறுமையும் அல்ல, க.நா.சு.வின் வாசிப்பும் அல்ல, பட்டியல் மட்டும். நண்பன் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதும்போது, அந்தப் புத்தகத்தை ஏற்காத ஒருவனின் நல்ல வாதம் என்னவாக இருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் ஒரு பத்தியாவது எழுதிப் பார்க்கிறோம்?

எழுதத் தொடங்கும் முன் தாளின் தலையில் முன்னுரை என்று போடாமல், இதை ஒப்புக்கொள்ளாத ஆள் யார் என்று போட்டுப் பார்க்கலாம். அந்த ஆளின் முதல் ஆட்சேபம் முதல் பகுதி. அதற்குச் சொல்லும் பதிலிலிருந்து பிறக்கும் அடுத்த ஆட்சேபம் அடுத்த பகுதி. அவனுக்கு ஆட்சேபம் தீர்ந்த இடத்தில் கட்டுரை முடிந்துவிடுகிறது. தனியாக முடிவுரை தேவைப்படாது.